பசு வந்தால் புகை போகும் வீடு

1. பால் பொங்கிய காலை

புது வீட்டில் பால் பொங்கிய கொஞ்ச நேரத்தில், ஹாலில் இருந்த ஆட்கள் எல்லாம் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினார்கள். அவர்கள் பின்னால் புகை வந்தது. எல்லாருக்கும் கடைசியாக நான் வந்தேன். அந்தப் புகை நான் கட்டிய ஃபயர் பிளேசிலிருந்து வந்துகொண்டிருந்தது.

என் பெயர் சவரிமுத்து. வேலைத்தலத்தில் சவரி பாஸ்; எங்கள் பக்கம் மேசன், தச்சன் எல்லாருமே பாஸ்தான். அக்கரப்பத்தனை, லிந்துலை, தலவாக்கலைப் பக்கம் துரைமார் பங்களாக்களில் இடிந்துபோன சிம்னிகளை எடுத்துக் கட்டியவன். தேயிலை ஃபெக்டரிகளில் இலை காய வைக்கிற பெரிய அடுப்புகளுக்கு ஃபயர் பிரிக் வைத்தவன். புகையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று தலையைத் தூக்கிக்கொண்டு திரிந்த காலம் அது. அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசன் வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் ஃபயர் பிளேஸ் அளவுகளைக் கேட்கிறார்கள். அளவு சொல்லலாம், அது பெரிய வித்தையில்லை. அதற்கு முன்னால் இந்த வீட்டுக் கதையைக் கேளுங்கள்.

2. எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது

வீட்டுக்காரர் குமாரவேல். தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டிகளைத் தலவாக்கலை ஸ்டேஷனுக்கு ஏற்றுகிற லொறிகள் வைத்திருந்தார். கொழும்பில் பிளான் போட்டு வாங்கி வந்தார். கூரைக்குத் தகரமும் இல்லை, ஓடும் இல்லை. தட்டையான கொங்கிரீட் தட்டு. சுவருக்குச் சுவர் கண்ணாடி. லிந்துலை ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் அந்த வீட்டைக் கண்டால் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும்.

அவர் ஃபயர் பிளேஸ் கேட்டதற்குப் பகட்டு மட்டும் காரணமில்லை. அவருடைய மனைவி பத்மாவதி டீச்சருக்கு இழுப்பு. மாத்தளைப் பக்கத்துப் பெண். அந்தச் சூட்டில் வளர்ந்தவர் இங்கே பனிக்காலம் வந்தால் ஒரு வார்த்தை பேச இரண்டு முறை மூச்சு வாங்குவார். ‘வீட்டுக்குள் ஈரமில்லாத சூடு வேண்டும், இன்னொரு பனிக்காலம் இப்படியே போனால் இந்த அம்மாவை மாத்தளைக்கே அனுப்பிவிடுங்கள்’ என்று நுவரெலியா டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

“பாஸ், இந்த வீடு நிக்கிறதே அந்த ஃபயர் பிளேசுலதான். அது சரியில்லன்னா நான் ஒத்தையில இந்தக் கண்ணாடிக் கூண்டுல ஒக்காந்திருக்க வேண்டியதுதான்” என்றார் குமாரவேல்.

பிளானில் அது வெளிச்சுவரின் நட்டநடுவில், இரண்டு கண்ணாடிகளுக்கு இடையில் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. வெளிச்சுவரில் வைத்தால் பாதிச் சூடு செங்கல் வழியாக வெளியே தோட்டத்துக்குப் போகும். குமாரவேலின் அம்மா மீனாட்சிக்கும் பிடிக்கவில்லை, அவருக்குக் காரணம் வேறு.

“நெருப்பு இருக்க வேண்டியது அக்கினி மூலையில. நடு ஹால்ல கொண்டாந்து நெருப்பு வச்சா வெளங்குமா? அதுக்கு நேரா கால நீட்டிக்கிட்டு வேற ஒக்காருவீங்களாம்.”

“அம்மா, அக்கினி மூலையில குசினி இருக்கு” என்றார் மகன்.

“அப்ப குசினியிலேயே வச்சிரு.”

முதலாளி குமாரவேல் என்னைப் பார்த்தார். நான் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் ஒரு வழி தட்டுப்பட்டது. குசினிக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் குசினி அடுப்பு, இந்தப் பக்கம் ஃபயர் பிளேஸ், இரண்டும் முதுகோடு முதுகு. மேலே ஒரே சிம்னித் தூண், உள்ளே இரண்டு தனித்தனிக் குழாய். அம்மாவுக்கு அக்கினி மூலை ஆச்சு, எனக்கு உள்சுவர் ஆச்சு. குசினிச் சூட்டில் சுவரும் காய்ந்தபடி இருக்கும். எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

அளவிலும் ஒரு சண்டை. முதலாளிக்குப் பெரிய துரை பங்களாவில் இருப்பதுபோல் ஆள் நுழைகிற வாய் வேண்டும். “பெரிய வாய் வச்சா பெரிய சிம்னி கேக்கும், சூடெல்லாம் மேல போயிரும் மொதலாளி” என்று மறித்தேன். வாயைச் சின்னதாகவும் ஆழத்தைக் குறைவாகவும் வைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டினால்தான் சூடு ஆளின் மேல் அடிக்கும். வாய்க்கு மேலே கழுத்தை ஒடுக்கி, அதன் பின்னால் மேலிருந்து இறங்கும் காற்று மோதித் திரும்ப ஒரு படி விட்டேன். ஃபயர் பிரிக், மேலே தேக்குப் பலகையில் ஒரு மேன்டல். பார்த்தால் கண் எடுக்க முடியாது.

கண்ணாடி ஜன்னல்கள் பியசேன பாஸின் வேலை. கம்பளித் துணியை நாடாவாக வெட்டிச் சட்டத்துக்குச் சட்டம் ஒட்டியிருந்தார். கதவுகளுக்கும் அப்படித்தான். டீச்சரம்மாவுக்குக் குளிர் காற்று ஆகாதே!

“பாஸ் உன்னெஹே, இங்க ஊசி போக எடமில்ல” என்று, மரியாதைக்கு ‘உன்னெஹே’ சேர்த்து, தமிழும் சிங்களமுமாகப் பெருமையடித்துக்கொண்டார். பெருமைப்படலாம்தான், அப்படி ஒரு வேலை.

3. பற்ற வைத்துப் பார்த்தது

வீட்டைக் கையில் கொடுக்கும் முன் ஃபயர் பிளேசை எரித்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு சிக்கல். புது வீட்டில் பால் காய்ச்சும் முன் அடுப்பு பற்ற வைப்பார்களா? நான் வேதக்காரன். எங்கள் வீட்டிலும் பால் காய்ச்சுவோம், ஆனால் இந்த நுணுக்கமெல்லாம் எனக்கு உறுதியாகத் தெரியாது. மீனாட்சியம்மாவிடமே கேட்டேன். நாடியில் கைவைத்து யோசித்தார்.

“சட்டி வச்சாத்தான்ப்பா அடுப்பு. இதுல நாம சட்டி வைக்கப் போறதில்ல. நீ பத்த வச்சுக்க. ஆனா அந்தாண்ட குசினி அடுப்புல ஒரு குச்சி பத்தக் கூடாது, சொல்லிட்டேன். அதுல மொதல்ல பால்தான் பொங்கணும்.”

அந்தச் சொல்லை நான் மீறவில்லை. ஜன்னல்களையும் கதவுகளையும் இறுகச் சாத்திவிட்டு, மிலாறை, அதுதான் கவ்வாத்து வெட்டிக் காய்ந்த தேயிலைக் குச்சிகளை, போட்டுப் பற்ற வைத்தேன். புகை நூல் பிடித்ததுபோல் மேலே போனது. ஈரச்சாக்குத் துண்டைப் போட்டேன், அதன் புகையும் போனது. மழை நாளில் பார்த்தேன், காற்று நாளில் பார்த்தேன். ஒரு நாள் டீச்சரம்மா வந்து முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் போர்வையை விலக்கிவிட்டு, “பாஸ், நெஞ்சு லேசா இருக்குங்க” என்றார். எனக்கு வேறு சம்பளமே தேவைப்படவில்லை.

4. பசு

பால் காய்ச்சும் நாள் விடியலில் பக்கத்துத் தோட்டத்துப் பால்காரர் பசுவைக் கொண்டு வந்தார். பசு முதலில் வாசல் தாண்ட வேண்டும். ஹாலில் சிவப்புச் சீமெந்து போட்டு மெழுகு தேய்த்துக் கண்ணாடியாக்கி வைத்திருந்தோம். பசு முன்னங்கால் இரண்டையும் வைத்தது. வழுக்கியது. ஒரு முழி முழித்துவிட்டுப் பின்னால் போய்விட்டது. “ரெண்டு கால் வச்சிருச்சு, போதும்” என்று யாரோ சொல்ல, நேரம் போகிறது என்று குசினியில் பால் வைத்தார்கள். பால் நன்றாகப் பொங்கியது. பனி உள்ளே வருகிறதென்று கதவைச் சாத்திவிட்டு, முதலாளி தன் கையால் ஃபயர் பிளேசைப் பற்ற வைத்தார்.

அப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. டீச்சரம்மாவை இரண்டு பேர் தாங்கிக்கொண்டுபோய் லொறியின் முன் ஸீட்டில் உட்கார வைத்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

வாசலில் நின்று ஆளுக்கொன்று சொன்னார்கள். காக்கா கூடு கட்டியிருக்கும் என்றார் பியசேன. சிம்னி உயரம் பத்தாது என்றார் ஒருவர். மீனாட்சியம்மா ஒரே போடாகப் போட்டார்: “பசு முழுசா உள்ள வரல. ரெண்டு கால்ல நின்னா அது குடிபோனதா ஆகுமா? கூப்பிடு பால்காரன!”

திரும்பவும் பசு வந்தது. வழுக்காமலிருக்க, கொழுந்தெடுக்கிற பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைத் தரையில் விரித்தார்கள். கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, புண்ணாக்கைக் காட்டி, கெஞ்சி, வாலை முறுக்கி, ஒருவழியாக நாலு காலும் உள்ளே வந்தன. எல்லாரும் ஃபயர் பிளேசைப் பார்த்தோம். புகை சமர்த்தாக மேலே போய்க்கொண்டிருந்தது.

“பாத்தியா?” என்றார் மீனாட்சியம்மா என்னிடம்.

நான் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

5. நான் போனால் புகைக்கும், வந்தால் எரியும்

மறுநாள் விடிந்ததும் திரும்பவும் புகை. முதலாளி ஆள் அனுப்பினார். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேரப் பத்து மணி ஆகியிருக்கும். போய்ப் பற்ற வைத்தால் அருமையாக எரிகிறது! ஒரு சுருள் புகைகூட வெளியே வரவில்லை.

“காலையில கண்ணத் தொறக்க முடியல பாஸ்” என்றார் முதலாளி. “ஒங்களக் கண்டா அதுக்குப் பயமா?”

எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். “நான் என்ன மந்திரமா மொதலாளி போட்டு வச்சிருக்கேன்?” என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகு எனக்கே சந்தேகம் வந்தது.

இப்படியே நடந்தது. காலையில் புகையும். பால்காரரிடம் ஆள் போகும். கதவைத் திறந்து பசுவை உள்ளே கூட்டினால் புகை போய்விடும். பசு போனபிறகு ஒரு நாள் நன்றாக இருக்கும், ஒரு நாள் உடனே புகையும். அந்தப் பசுவுக்கு அந்த வீட்டில் நல்ல மரியாதை. புண்ணாக்கும் வெல்லமும் தின்று மினுமினுவென்று ஆகிவிட்டது. தரையைக் கழுவுகிறவர்கள்தான் பாவம்.

நான் என் பங்குக்குச் செய்யாததில்லை. இரண்டு குழாய்க்கும் நடுவிலுள்ள செங்கலில் ஓட்டை விழுந்து, குசினிப் புகை இந்தப் பக்கம் வருகிறதோ என்று மேலேறிச் சிம்னியைத் திறந்து, கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். மயிரிழை இடைவெளி இல்லை. சிம்னியை இன்னும் உயர்த்தினேன். வாயை இன்னும் ஒரு வரி குறைத்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் சோறு தெரியாது, சிம்னிதான் தெரியும். ‘சவரி, உனக்குப் புகையைப் பற்றி என்னடா தெரியும்?’ என்று என்னை நானே கேட்டுக்கொள்வேன்.

வெளியே பேச்சு வேறு மாதிரி போனது. மருமகள் உட்காருகிற இடத்தில் மட்டும் புகைகிறதே, மாமியார் எதையாவது செய்து வைத்திருப்பாரோ என்று தலவாக்கலைக் கடைத்தெருவில் ஒருவர் என் காதுபடவே கேட்டார். சீ, என்ன ஜென்மங்கள் என்று வந்தது எனக்கு. மீனாட்சியம்மா அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் நான் வேறு என்ன காரணத்தைச் சொல்லி அந்த வாயை அடைப்பேன்?

6. மாடு வராத காலை

கடைசியில் முதலாளி சொல்லி அனுப்பினார்: “செங்கலும் சாந்தும் எடுத்துக்கிட்டு விடியவே வாங்க. அத அடைச்சிருங்க. பத்மா நாளைக்கி ரயில்ல மாத்தளைக்குப் போறா.”

முதல் நாள் சாயங்காலமே கிளம்பி, சொந்தக்காரர் வீட்டில் தங்கி, விடியலில் போய் இறங்கினேன். லொறியில் டிரங்குப் பெட்டி ஏற்றியாகிவிட்டது. டீச்சரம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் அழுத தடம். உள்ளே ஃபயர் பிளேஸ் எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அந்தக் காலைப் புகையை என் கண்ணால் மறுபடி பார்த்தேன். வாயிலிருந்து பிதுங்கிப் பிதுங்கி வந்தது.

“அடைக்கிறதுக்கு முன்னாடி ஒருக்கா பசுவக் கூப்பிட்டுப் பாத்துருவோம்” என்றார் மீனாட்சியம்மா குசினியிலிருந்து வந்து. “இன்னைக்கி நல்ல நாளு.”

முதலாளி சலித்துக்கொண்டே ஆள் அனுப்பினார். படங்கை விரித்து, முன்கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாரும் வாசலில் நின்றோம். பசு வரவில்லை. போன ஆள் திரும்பி வந்து, பசு கன்று போடுகிற நிலையில் நிற்கிறது, பால்காரர் அவிழ்க்க மாட்டேனென்கிறார் என்றான்.

“அது வராம என்னா செய்யிறது?” என்று மீனாட்சியம்மா தலையில் கைவைத்தார்.

டீச்சரம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். அவருக்கு மூச்சு வாங்கியது, இருந்தாலும் கேட்டார்: “அத்தை, மாடுதான் வரலியே. பொக எங்க போச்சு?”

எல்லாரும் திரும்பினோம். புகை இல்லை. தீ மேல்நோக்கி எரிந்துகொண்டிருந்தது.

நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அப்புறம் வாயிலிருந்து ஒரு நாக்குப் புகை நீண்டது. கதவைத் திறந்தேன், உள்ளே போய்விட்டது. சாத்தினேன், வந்தது. மறுபடியும் திறந்து வைத்துவிட்டு, “கதவு! மொதலாளி, பசு இல்ல, கதவு!” என்று கத்தினேன். கத்திவிட்டு அப்படியே நின்றேன். எனக்குப் பாதிதான் விளங்கியது.

“ஆனா டெஸ்ட் பாத்த நாளெல்லாம் கதவச் சாத்திக்கிட்டுத்தானே எரிச்சேன்?” என்றேன் யாரிடம் என்றில்லாமல்.

“அப்ப குசினியில என்ன எரிஞ்சிச்சு?” என்று கேட்டார் டீச்சரம்மா.

“ஒன்னும் எரியல டீச்சரம்மா. பால் காய்ச்சலியே. அம்மா ஒரு குச்சி கூட…”

சொல்லி முடிக்கவில்லை. நேரே குசினிக்குப் போனேன். ஊசி போக இடமில்லாத வீடு. நெருப்புக்குக் காற்று வேண்டும். அன்றெல்லாம் ஹால் நெருப்பு, சும்மா இருந்த குசினிச் சிம்னி வழியாகத்தான் காற்றைக் குடித்திருக்கிறது. குசினி அடுப்பும் எரிந்தால் அந்த வழி அடைபடுகிறது. குசினியின் பெரிய அடுப்பு தனக்கு வேண்டிய காற்றை ஹால் சிம்னி வழியாகக் கீழே இழுக்கிறது. இழுக்கும்போது புகையும் சேர்ந்து இறங்குகிறது. பத்து மணிக்கு நான் வரும்போது குசினி அடுப்பு அணைந்திருக்கும். பசுவுக்காகக் கதவு திறக்கும்போது இரண்டுக்கும் காற்று கிடைக்கும். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று இப்போது சொல்கிறேன், அன்றைக்கு எனக்குத் தலை சுற்றியது.

“அம்மா, இந்த வெறக வெளிய இழுத்துருங்க” என்றேன்.

“கசாயம் கொதிக்குதுப்பா.”

“யாருக்கு?”

“யாருக்கா? அவளுக்குத்தான். ஆடாதோடை போட்டு வச்சிருக்கேன். தெனம் விடிய எந்திரிச்சி வைக்கிறேன். அவ எந்திரிக்கையில சூடா ஒரு மடக்குக் குடிச்சா நெஞ்சு எளகும்னு.” சொல்லிக்கொண்டே வந்தவர், நான் பார்த்த பார்வையில் நிறுத்தினார். அடுப்பைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஃபயர் பிளேஸ். “அப்ப… நாந்தானா சவரி? நான் மருந்து காய்ச்சித்தான் அவளுக்கு மூச்சு முட்டிச்சா?”

“அப்பிடி இல்லம்மா, வீட்டுல காத்து பத்தல” என்றேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

எரிகிற விறகையெல்லாம் இழுத்துப் பின்கதவு வழியாக வெளியே வீசினார். தணலில் செம்போடு தண்ணீரைக் கொட்டினார். கசாயச் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். அடைப்பதற்காக நான் கொண்டுவந்திருந்த செங்கலில் மூன்றைக் காலால் தள்ளி ஃபயர் பிளேசுக்குள் முக்கோணமாக வைத்தார். சட்டியை அதன்மேல் ஏற்றினார்.

“அம்மா! தேக்கு மேன்டல் கருகிப் போயிரும்!” என்றார் முதலாளி.

“கருகட்டும் போ.”

நான் முன்கதவையும் பின்கதவையும் சாத்தினேன். தீ நின்று எரிந்தது, புகை மேலேதான் போனது. மீனாட்சியம்மா அந்தப் புது ஹாலில் குந்தி உட்கார்ந்து மிலாறைத் தள்ளிவிட்டார். டீச்சரம்மா உள்ளே வந்து அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். வெளியே லொறி டிரைவர் ஹோர்ன் அடித்தார். முதலாளி போய்ப் பெட்டியை இறக்கச் சொன்னார்.

7. பிறகு

நெருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தரைக்குள்ளே ஒரு குழாய் விட்டு, வெளிச்சுவர் வரை கொண்டுபோய் எலி நுழையாமல் வலை அடித்தேன். குசினிக்கும் அப்படியே ஒன்று. அந்த வேலை முடிந்த பிறகு இரண்டு நெருப்பும் ஒன்றாக எரிந்தன. பியசேன கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவ்வளவு பாடுபட்டுக் காற்றை மறித்தவர், நான் ஓட்டை போட்டால் கோபம் வராதா?

நான் கற்றது இது: ஒரு வீட்டில் எத்தனை நெருப்பு எரியப்போகிறதோ, அத்தனையையும் ஒன்றாகப் பற்ற வைத்து, கதவைச் சாத்திப் பார்க்காமல் எந்த ஃபயர் பிளேசையும் சரியென்று சொல்லாதீர்கள். அதற்குப் பால் காய்ச்சும் நாள் வரை பொறுக்க வேண்டும். அதற்கப்புறம் நான் வேலை செய்த வீடுகளில் அந்தச் சடங்குக்கு அழைப்பில்லாமலேயே போய் நிற்பேன். பசு வந்து போனதும், “எல்லாக் கதவையும் ஒருக்கா சாத்துங்க” என்பேன். சிலர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

முதலாளி வீட்டு வேலை முடிந்த அன்று, ஃபயர் பிளேசுக்குள் கிடந்த அந்த மூன்று செங்கலையும் எடுத்துச் சாக்கில் போட்டேன். மேன்டல் கரியைச் சுரண்டித் தருகிறேன், இனி குசினியிலேயே எல்லாவற்றையும் காய்ச்சலாம் என்றும் சொன்னேன்.

“எங்க தூக்குற?” என்றார் மீனாட்சியம்மா. “கீழ வை. சட்டி வச்சாச்சு, இனிமே அதுவும் அடுப்புத்தான்.”

டீச்சரம்மா தரையில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, “வச்சிருங்க பாஸ்” என்றார். நான் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.